செருப்புகளுக்கு டோக்கன் கொடுத்த சாவடி

முதல் செருப்பை வரிசையில் வைத்தது நான்தான். பத்திரிகைகளில் ஜெசிந்தா என்று எழுதினார்கள். எழுதிவிட்டுப் போகட்டும், அவளுக்குத்தான் படத்தில் முகம் நன்றாக விழும். ஆனால் அன்று காலை பள்ளிக்கூட வாசலில் பெண்கள் வரிசை தெருவரைக்கும் நீண்டு கிடக்க, ஆண்கள் வரிசையில் நாலைந்து கிழவர்கள் ஓட்டுப் போட்டுவிட்டுப் போனபின் வெறும் கயிறு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து வயிறு எரிந்தவள் நான். வீட்டுக்குப் போய், என் வீட்டுக்காரர் தொம்மையின் செருப்பை எடுத்து வந்து அந்தக் கயிற்றுக்குள் வைத்தேன்.

'என்ன மைனி இது?' என்றாள் ஜெசிந்தா. அவள் தொம்மைக்குச் சித்தப்பா மகள். கீழே வேலை செய்பவர்களின் குடும்பங்களுக்குச் சங்கம் நடத்துகிறவள்.

'ரேசன் கடையில பையைப் போட்டு எடம் பிடிக்கோம்லா? கல்லைக்கூடப் போட்டு வைக்கோம். அதை எவனாவது ஆளு இல்லன்னு தள்ளி விடுதானா?'

அவள் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தாள். பிறகு ஓடினாள். மதியத்துக்குள் ஊரில் இருந்த ஆண்பிள்ளைச் செருப்பு எல்லாம் வரிசையில் வந்து நின்றுவிட்டது. தோல் செருப்பு, ரப்பர் செருப்பு, கல்யாணத்துக்கு வாங்கி இன்னும் அட்டைப் பெட்டி வாசம் போகாத ஷூ. பெண்கள் வரிசையில் ஒருத்தி ஓட்டுப் போட்டு நகர்ந்தால் நாங்களும் குனிந்து குனிந்து நகர்த்துகிற மாதிரி பாவனை செய்தோம். சிரிப்பு தாங்கவில்லை. போலீஸ்காரர்கூடச் சிரித்தார்.

எங்கள் சிப்பிவிளை ஆண்கள் எல்லாம் கீழே இருக்கிறார்கள். கீழே என்றால் கடலுக்கு அடியில். கரையிலிருந்து கப்பலில் ஒன்றரை நாள் போய், அங்கிருந்து நேராக இறங்க வேண்டும். கடல்தரையில் உருளைக்கிழங்கு போல உலோகக் கட்டிகள் கிடக்கின்றன. உங்கள் வண்டிக்கும் போனுக்கும் பேட்டரி அதில்தான் செய்கிறார்கள். மனிதன் தாங்குகிற ஆழம் அது இல்லை என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். மூச்சுக்கு வேறு காற்றைக் கொடுத்து, அந்த ஆழத்தின் அழுத்தத்திலேயே குடிவைத்துவிட்டால் தாங்குவான் என்று பிறகு கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்தவர்கள் எவரும் இறங்கவில்லை. முத்துக் குளித்த வம்சம் என்று எங்களைப் புகழ்ந்து, எங்கள் ஆட்களை இறக்கினார்கள்.

இறங்குவது சுலபம். ஏறுவதற்குப் பதினோரு நாள் ஆகும். எட்டுப் பேர் மட்டும் படுக்கிற இரும்பு அறையில் அடைத்து, கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். அதனால் ஒப்பந்தக் காலமான ஐந்து வருடத்துக்கு யாரும் ஏறுவதில்லை. ஓட்டோ, நேரில் வந்து போட்டால்தான் ஓட்டு. தேர்தல் நாளில் சம்பளத்தோடு லீவு தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறதா, கம்பெனியும் சட்டத்தை மீறாமல் ஒரு நாள் லீவு தந்துவிடும். கடலுக்கு அடியில் அன்று எல்லோரும் கேரம் விளையாடுவார்கள்.

தொம்மை இறங்கி மூன்று வருடம் முடிந்திருந்தது. தேர்தலுக்கு முந்தின மாதத்திலிருந்து இடது காலை இழுத்து இழுத்து நடப்பதாகச் சொன்னார். அந்த அழுத்தத்தில் வெகுநாள் இருந்தால் இடுப்பெலும்பு உள்ளுக்குள்ளேயே செத்துப்போகுமாம். தூத்துக்குடியில் எலும்பு டாக்டரிடம் நான் போய்க் கேட்டேன். இப்போதே ஏறிவிட்டால் காலைக் காப்பாற்றலாம், தாமதித்தால் சொல்வதற்கில்லை என்றார். ஒப்பந்தம் முடியுமுன் ஏற வேண்டுமானால் கம்பெனி டாக்டர் எழுதித் தர வேண்டும். அந்த மகராசன் வாயுப்பிடிப்பு என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்.

ஜெசிந்தாவுக்கு வேண்டியது ஓட்டுரிமை. எனக்கு வேண்டியது ஆள். நான் செருப்பை வைத்தது அதற்காகத்தான்.

சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் விஷயம் வேறு மாதிரி ஆனது. சாவடித் தலைமை அதிகாரியாக வந்திருந்தவர் கோவில்பட்டிப் பக்கத்துப் பள்ளிக்கூட வாத்தியார், இசக்கிமுத்து சார். முந்தின நாள் ராத்திரியிலிருந்து தூக்கம் இல்லை, மத்தியானம் கொண்டுவந்த தயிர்சாதத்தைத் திறக்கக்கூட இல்லை. ஆறு அடித்ததும் டோக்கன் கட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். அந்த நேரத்தில் வரிசையில் இருப்பவர்களுக்குக் கடைசியிலிருந்து டோக்கன் கொடுத்துக்கொண்டே வர வேண்டும். டோக்கன் வாங்கியவர் அத்தனை பேரும் போட்டு முடிக்கும் வரை சாவடியை மூடக் கூடாது. அது விதி.

பெண்கள் வரிசை முடிந்திருந்தது. சார் தலை குனிந்தபடியே ஆண்கள் வரிசையின் வால் பக்கம் போனார். கையெழுத்துப் போட்ட டோக்கன்களை ஒவ்வொரு செருப்பிலும் ஒன்றாக வைத்துக்கொண்டே முன்னால் வந்தார். பாதி தூரம் வந்தபின் கட்சி ஏஜெண்டு ஒருவன்தான் கத்தினான்.

'சார், என்ன சார் செருப்புக்கு டோக்கன் குடுக்கீய?'

'வரிசையில இருக்குல்லா?' என்று சொல்லிக்கொண்டே அடுத்த செருப்பிலும் வைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! ரேசன் கடையில் அவரும் பை போடுகிறவர்தான் போலிருக்கிறது.

'திரும்ப எடுத்துருங்க சார்,' என்றான் அவன்.

'குடுத்த டோக்கனைத் திரும்ப வாங்க விதியில எடம் இல்லப்பா,' என்றார். தயிர்சாதம் இல்லாமல் கிறுகிறுத்த மனிதர், அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். 'மிச்சத்துக்கும் குடுத்துருதேன். பாதிக்குக் குடுத்து பாதிக்குக் குடுக்கலன்னா அது இன்னும் தப்பு.'

ஜெசிந்தா அவர் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டாள். 'அப்ப இவ்வொ எல்லாரும் வந்து போடுத வரைக்கும் சாவடி தெறந்துதான் இருக்கணும், இல்லையா சார்?'

'எப்ப வருவாங்க?'

'ஏறதுக்குப் பதினோரு நாள் ஆகும்.'

'ஏம்மா, கொஞ்சம் வேகமா ஏத்த முடியாதா?'

'கோலி சோடாவைப் பட்டுன்னு தெறந்தா என்ன ஆகும் சார்? ரத்தம் அப்படிப் பொங்கிரும். ஆளு மேல வரும்போது ஆளா இருக்க மாட்டான்.'

சார் எழுந்துபோய் மிச்ச டோக்கன்களையும் செருப்புகளில் வைத்து முடித்தார். அப்புறம், 'எனக்குக் குளிக்க எடம் காட்டுங்க,' என்றார்.

மறுநாள் ஊர் முழுக்கக் கேமரா. தொகுதியின் ஓட்டு எண்ணிக்கை நின்றுபோனது. மாவட்டத்திலிருந்து தமயந்தி மேடம் என்ற பெரிய அதிகாரி வந்தார், கட்சிக்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். டோக்கன் செல்லாது என்று சொல்ல நீதிபதிக்கும் பிடி கிடைக்கவில்லை. அதிகாரி கையெழுத்து இருக்கிறது, எண் இருக்கிறது, அந்தச் செருப்புக்கு உரிய வாக்காளர் உயிரோடு இருக்கிறார். வாக்காளரைக் கொண்டுவந்து சேருங்கள் என்று கம்பெனிக்கு உத்தரவு வந்தது. முதல் எட்டுப் பேரை இரும்பு அறையில் ஏற்றினார்கள். உடம்பு சரியில்லாதவர்கள் முதலில் என்று ஜெசிந்தா சண்டை போட்டு, தொம்மை பெயரை முன்னால் வைத்தாள். அவள் தம்பி ரெமிஜியுசும் அதில் இருந்தான், அவனுக்குக் காது அடைத்துப்போயிருந்தது. அந்த ஒரு காரியத்துக்காக அவளை நான் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன் என்று அப்போது நினைத்தேன்.

அன்று சாயங்காலம் தொம்மை அறையிலிருந்து பேசினார். கீழே மூச்சு விடுகிற காற்றில் குரல் வாத்துக் கத்துகிற மாதிரி ஆகிவிடும். அதைத் திருத்த ஒரு மிஷின் வைத்திருக்கிறார்கள். அது திருத்தித் தருகிற குரலோ யாருடைய குரலும் இல்லை, ஊர் ஆம்பளைகள் அத்தனை பேருக்கும் ஒரே குரல். யார் புருஷன் யாரிடம் பேசுகிறான் என்றே தெரியாது. அதனால் நான் மிஷினை அணைத்துவிட்டு வாத்துக் குரலில்தான் பேசுவேன். வாத்தானாலும் என் வாத்து.

'அமலம், நெசமாத்தான் ஏத்துதானுவ. கதவு சாத்திட்டான்,' என்றார்.

'காலு எப்படி இருக்கு?'

'படுத்தே கெடக்கலாம்லா, வலி தெரியல. இங்க எட்டுப் பேரும் ஒன் செருப்புக் கதையத்தான் சொல்லிச் சொல்லிச் சிரிக்கானுவ.'

நான் வீட்டுக்கு வெள்ளையடித்தேன். மூன்று வருடத்துக்குப் பின் அரிசி மாவு இடித்தேன். கட்டில் காலுக்குக் கீழே செங்கல் வைத்து உயர்த்தினேன், இடுப்பு வலிக்காரருக்குத் தாழ்ந்த கட்டில் ஆகாது என்று எலும்பு டாக்டர் சொல்லியிருந்தார். இசக்கிமுத்து சார் பள்ளிக்கூடத்தில் பெட்டிக்குக் காவலாக உட்கார்ந்திருந்தார். தினம் ஒரு வீட்டிலிருந்து சோறு போனது. மனிதர் மீன் சாப்பிடப் பழகிக்கொண்டார்.

அவர்கள் ஏறத் தொடங்கிய நான்காம் நாள் காலையில் தமயந்தி மேடம் சிரித்த முகத்தோடு வந்தார்.

'உங்களுக்கு ஜெயம்,' என்றார். 'ஓட்டு இயந்திரத்தையே கீழே அனுப்ப உத்தரவு ஆயிடுச்சு. நேத்து ராத்திரி சரக்குக் கூண்டுல இறக்கிட்டாங்க. உங்க ஆளுங்க இருக்கிற இடத்துலேயே ஓட்டுப் போடலாம். இந்தச் சாவடிக்குக் கிளை மாதிரி.'

ஜெசிந்தா கூவிவிட்டாள். பெண்கள் குலவை போட்டார்கள். யாரோ வெடி கொளுத்தினார்கள். நான் மட்டும்தான் கேட்டேன்.

'அறையில ஏறிட்டு இருக்கவங்க?'

மேடத்துக்குச் சிரிப்பு குறைந்தது. 'அவங்களும் கீழேயே போடலாம். திரும்ப இறங்க ஒரு நாள் போதும்னு கம்பெனியில சொல்றாங்க.'

'மேல வந்துதான் போடுவேன்னு சொன்னா?'

'சொல்லலாம். டோக்கன் வெச்சிருக்கிறவருக்கு அந்த உரிமை இருக்கு. ஒவ்வொருத்தரையும் கேட்டு முடிவு எடுக்கணும்னுதான் உத்தரவுலயும் இருக்கு.' குரலைத் தாழ்த்திக்கொண்டார். 'ஆனா இது தற்காலிக உத்தரவும்மா. நாளைக்குக் கோர்ட்ல விசாரணை. ஒரே ஒருத்தர் மேலேதான் போடுவேன்னு சொன்னாலும், பாருங்க, அவங்களே இந்த ஏற்பாட்டை ஒத்துக்கலைன்னு கம்பெனி வக்கீல் எழுந்து நிப்பாரு. உத்தரவு போயிடும். உங்க ஊர் மட்டுமில்ல. கப்பல்ல இருக்கிறவங்க, எண்ணெய்க் கிணத்துல இருக்கிறவங்க, பாலைவனத்துல இருக்கிறவங்க, எல்லாரும் இதைத்தான் பார்த்துட்டு இருக்காங்க.'

இதை அந்தம்மா மிரட்டலாகச் சொல்லவில்லை. உள்ளதைத்தான் சொன்னார். அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மிரட்டியிருந்தால் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன்.

பள்ளிக்கூடத்து மேசையில் ஒலிபெருக்கியை வைத்தார்கள். ஊர் முழுக்கச் சுற்றி நின்றது. அறையில் இருந்த எட்டுப் பேரையும் ஒவ்வொருவராகக் கேட்டார்கள். முதல் ஆள் 'கீழயே' என்றான். ரெமிஜியுஸ் 'கீழயே' என்றான். ஜெசிந்தா கண்ணை மூடிக்கொண்டாள், திறந்தபோது சிரித்தாள். ஏழு பேரும் அதே மிஷின் குரலில் 'கீழயே' என்றார்கள். ஒரே ஆள் ஏழு தரம் சொன்னது போல இருந்தது.

'திரு. தொம்மை, நீங்க எங்கே ஓட்டுப் போட விரும்புறீங்க? கீழேயா, மேலேயா?'

லைன் போய்விட்டதோ என்று மேடம் தட்டிப் பார்த்தார்.

'அமலம் அங்கன நிக்காளா?' என்றது மிஷின்.

நான் முன்னால் போய் மிஷினை அணைத்தேன். 'நிக்கேன். சொல்லுங்க.'

'நீ சொல்லு,' என்றார் வாத்துக் குரலில். கூட்டத்தில் சின்னப் பிள்ளைகள் சிரித்தன. அவற்றின் அம்மாக்கள் தலையில் தட்டினார்கள்.

'ஓட்டு ஒங்களுது. நான் என்னத்தைச் சொல்ல?'

'காலு என்னுது, வீடு ஒன்னுது. எனக்கு எதுவும் ஓட மாட்டேங்கு. நீ எதைச் சொன்னாலும் சரிதான்.'

ஜெசிந்தா என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பார்த்துக் கெஞ்சியிருந்தால் என் புருஷனை மேலே கொண்டுவா என்று கத்தியிருப்பேன். சுற்றி நின்ற பெண்கள் முகத்தில் வெடிப்புகை இன்னும் கலையவில்லை. எனக்கு ஓட்டு வேண்டாம், உலகத்தில் எந்தக் கப்பல்காரன் ஓட்டும் வேண்டாம், என் ஆளைக் கொடுங்கள் என்று நெஞ்சுக்குள் ஒரு சத்தம். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன் என்றுதான் இன்றைக்கும் நம்புகிறேன்.

'கீழயே போடுங்க,' என்றேன்.

'சரி,' என்றார். கொஞ்சம் பொறுத்து, 'வீடு வெள்ளையடிச்சியாமே?'

'ஆமா.'

'என்ன கலரு?'

'நீலம்.'

'நல்லாருக்கும்,' என்றார்.

மறுநாள் மதியத்துக்குள் அந்த எட்டுப் பேரும் திரும்ப இறங்கி, கீழே எல்லோரும் ஓட்டுப் போட்டு முடித்துவிட்டார்கள். இசக்கிமுத்து சார் பெட்டிக்குச் சீல் வைத்து, எல்லோரிடமும் கைகூப்பிச் சொல்லிக்கொண்டு ஜீப்பில் ஏறிப் போனார். ஜெசிந்தா ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அவளை அறைந்துவிடலாம் போல இருந்தது. அவள் தம்பியும் அந்த அறையில்தான் இருந்தான் என்பதால் அறையவில்லை.

உத்தரவு நிலைத்தது. அதற்குச் சிப்பிவிளை உத்தரவு என்றே பெயர் வந்தது. எங்கெங்கிருந்தோ மாலையும் சால்வையும் வந்தன. ஒரு கூட்டத்தில் என்னை மேடையில் ஏற்றி, இல்லாதவர்களுக்கு ஓட்டு வாங்கித் தந்த தாய் என்றார்கள். தாயாம். நான் செங்கல் வைத்து உயர்த்திய கட்டிலில் தனியாகப் படுத்துக்கொண்டிருந்தேன். கால் எப்படி இருக்கிறது என்று கேட்டால் தொம்மை, 'அப்படியேதான் இருக்கு' என்பார். ரெமிஜியுசைக் கேட்டால் அவனும் அதையே சொல்வான்.

இரண்டு வருடம் முடியும்போது எம்.எல்.ஏ. செத்து, இடைத்தேர்தல் வந்தது. ஒப்பந்தம் முடிய இன்னும் சில மாதம்தான் இருந்தது. ஆனால் மாற்றுக் கப்பல் இல்லை என்று அவர்களை ஏற்றுவதையும் தள்ளிவைத்திருந்தார்கள். ஆண்கள் வரிசைக்கு இந்தத் தடவை கயிறே கட்டவில்லை. நான் பெண்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது போன் வந்தது.

'போட்டாச்சு அமலம்,' என்றார் வாத்துக் குரலில். 'ரெண்டு நிமிசம்கூட ஆகல.'

'கூட்டமா? ரொம்ப நேரம் நிக்க வச்சிட்டானா?'

'வரிசையே கெடையாது. பெட்டியக் கொண்டாந்து முன்னால வச்சான்.'

'முன்னாலன்னா? நீங்க எங்க இருந்தீய?'

'இங்கனதான்,' என்றார்.

'நின்னுதான போட்டீய?' என்றேன்.

'ஒக்காந்துதான் போட்டேன்,' என்றார். 'மழைக்கு முன்னாலருந்தே ஒக்காந்துதான் இருக்கேன். ஒங்கிட்ட சொல்லாண்டாம்னு இவனுவகிட்ட நான்தான் சொல்லி வச்சேன். வேலைக்கு ஒண்ணும் கொறையில்ல. சக்கர நாற்காலி போட்டு, மானிட்டர் பாக்க விட்டுருக்கான்.'

போனை வைத்தேனா, அவர் வைத்தாரா, தெரியவில்லை. வரிசையை விட்டு விலகி நேரே உள்ளே போனேன். போலீஸ்காரர் கத்தினார். மேசையில் ஒரு இளவயது அதிகாரி உட்கார்ந்திருந்தான். இந்த ஊருக்குப் புதிது.

'எங்க வீட்டுக்காரர் மேல வந்துதான் ஓட்டுப் போடணும்கார். அவரைக் கொண்டாரச் சொல்லி எழுதுங்க,' என்றேன்.

அவன் மரியாதையாக எழுந்து நின்றான். பட்டியலைப் புரட்டி, பெயரைப் பார்த்து, 'அவர் ஓட்டு இப்பதான் கீழே பதிவாயிருக்கும்மா,' என்றான்.

'அப்ப அடுத்த தடவைக்கு எழுதுங்க. அடுத்த தடவை அவர் மேலதான் வரணும்.'

'அது முடியாதும்மா. மேல வந்து போடுறேன்னு கேக்கிற உரிமை முன்னால இருந்துச்சு. இருக்கிற இடத்துலயே போட வசதி இருக்கும்போது மேல கொண்டுவர வேண்டிய அவசியம் இல்லைன்னு போன வருஷம் எடுத்துட்டாங்க. ஓட்டுக்காக ஏத்தச் சொல்லி இப்ப எந்தக் கம்பெனியையும் கேக்க முடியாது.'

'யாரு கேட்டா இப்படி ஒரு சட்டத்தை?'

என் முகத்தை எங்கேயோ பார்த்த ஞாபகம் அவனுக்கு வந்துவிட்டது. சுவரில் ஒட்டியிருந்த வாக்காளர் விழிப்புணர்வுப் படத்தில் என்னைத்தான் போட்டிருந்தார்கள்.

'நீங்கதானம்மா,' என்றான்.

பிறகு என்ன செய்வதென்று தெரியாமல், மைக்குச்சியை எடுத்துக்கொண்டு விரலை நீட்டச் சொன்னான். நான் நீட்டவில்லை. பின்னால் வரிசை முணுமுணுத்தது, 'ஏ அமலம், போட்டுட்டு நவுருட்டி' என்று யாரோ கத்தினார்கள். நான் நகரவில்லை. எனக்கு நிற்க முடிகிறது, அதனால் நின்றுகொண்டே இருந்தேன்.